அச்சில் இருக்கு, அழுத்தினால் வரலை: லினக்ஸில் காணாமல்போன ₹, பிரெஞ்சு அக்சான், தமிழ்க் குறிகளை மீட்பது எப்படி

4 என்ற விசையின் ஓரத்தில் ₹ என்று அச்சடித்திருக்கிறது. வலது ஆல்ட்டோடு சேர்த்து அழுத்துகிறீர்கள், ஒன்றும் வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் அழுத்தினால் அது பாட்டுக்கு நான்காவது டேபுக்குத் தாவுகிறது. இல்லையென்றால் @ அடித்த இடத்தில் இரட்டை மேற்கோள் வருகிறது, # அடித்தால் £ வருகிறது, பேக்ஸ்லாஷ் எங்கே போனதென்றே தெரியவில்லை. இதற்காக லினக்ஸையே அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எழுத்து எங்கேயும் தொலையவில்லை, வழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டது, அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

புதுச்சேரியில் மிஷன் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பு மூன்றும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். நான்கு கம்ப்யூட்டர், நான்கிலும் லினக்ஸ். எங்கள் ஊரில் இந்த வேலை கொஞ்சம் வேறு மாதிரி. 1954 நவம்பர் 1 வரை இங்கே ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது, பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் பிரெஞ்சில், அதனால் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் பிரெஞ்சும் அடிக்க வேண்டி வரும், அதில் ஓர் இடத்தில் ₹, இன்னோர் இடத்தில் €.

போன வருஷம் ஒரு சொல்தா வீட்டு அம்மா வந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், தவறிவிட்டார், பென்ஷனைத் தன் பெயருக்கு மாற்றப் பேப்பர் போட்டிருக்கிறார். "தம்பி, எங்க வீட்டுக்காரர் பேர்ல சிக்குக் கீழ ஒரு வால் இருக்கும்பா. வால் இல்லாம அடிச்சுக் குடுத்துட்டாங்க, பேர் ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். கையில் பழைய பதிவின் நகல். மை மங்கி, ஓரம் பொடிந்து, ஆனால் பிரான்சுவா என்ற பெயரில் அந்த இங்கிலீஷ் சி எழுத்தின் அடியில் வால் (ç) மட்டும் அழுத்தமாகத் தெரிந்தது. அந்த வாலை எடுத்துவிட்டால் பிரெஞ்சுக்காரர் அதைப் பிரான்குவா என்றுதான் வாசிப்பார். மாஹே என்ற ஊர்ப் பெயரும் அப்படித்தான், கடைசியில் வரும் இங்கிலீஷ் இ எழுத்தின் தலையில் உள்ள கோட்டை (é) எடுத்துவிட்டால் மா என்று முடிந்துபோகும். ஆக அக்சான் எனப்படும் இந்தக் குறிகள் அலங்காரம் கிடையாது, எழுத்தே அதுதான். முன்பு அடித்துக் கொடுத்தவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருடைய கம்ப்யூட்டரில் வால் வரவில்லை, எப்படி வரவைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிமிஷச் சோதனை

இந்தப் பக்கத்தில் இருக்கும் ₹ குறியைக் காப்பி செய்து, பிரச்சினை வருகிற இடத்தில் பேஸ்ட் செய்யுங்கள். சரியாகத் தெரிந்தால் எழுத்துருவில் குறையில்லை, கீபோர்டு பக்கம்தான் கோளாறு. வெறும் கட்டமாகத் தெரிந்தால் கீபோர்டை நோண்டவே வேண்டாம், நேரே கடைசியில் உள்ள எழுத்துருப் பகுதிக்குப் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அரை நாள் கீபோர்டு செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர்.

கீபோர்டு பக்கம் என்று தெரிந்துவிட்டதா, சரி, அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். ஒரு விசையை அழுத்தினால் கீபோர்டு அனுப்புவது எழுத்தை இல்லை, ஒரு எண்ணை. அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வாங்கி மேலே கொடுக்கும். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்வது லேஅவுட், அதை வைத்திருப்பது எக்ஸ்கேபி என்ற பகுதி. அதற்கு மேலே தமிழ் போன்றவற்றுக்கு, அழுத்தும் விசைகளைச் சேர்த்து எழுத்தாக்கித் தரும் ஐபஸ் அல்லது எஃப்சிட்டிக்ஸ் என்ற புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அப்புறம்தான் நீங்கள் தட்டச்சு செய்யும் புரோகிராம், கடைசியில் எழுத்துரு. கீபோர்டின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்பது லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது. 4-இன் மேல் ₹ அச்சடித்தது கீபோர்டு தயாரித்தவர், 4-க்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது நீங்கள் தேர்ந்தெடுத்த லேஅவுட். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பத்தில் எட்டுப் பேருக்குப் பிரச்சினை, குறைந்தபட்சம் என் கடைக்கு வருகிறவர்களில்.

விசையே வேலை செய்கிறதா என்று பார்க்க எக்ஸ்-இ-வி (xev) என்ற மூன்றெழுத்துக் கட்டளை இருக்கிறது, சின்ன எழுத்தில் சேர்த்து, கட்டளை அடிக்கும் சன்னலான டெர்மினலில் அடிக்க வேண்டும். திரையைக் கையாளும் புது முறையான வேலண்டில் ஓடும் டெஸ்க்டாப் என்றால் அதற்கு டபிள்யூ-இ-வி (wev) என்று தனியாக ஒன்று உண்டு, அதை இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். ஒரு சின்ன வெள்ளைச் சன்னல் திறக்கும், அதன் மேல் மவுஸை வைத்துக்கொண்டு வலது ஆல்ட்டை மட்டும் அழுத்துங்கள். டெர்மினலில் வரிகள் ஓடும். எக்ஸ்-இ-வியில் கீகோடு 108 என்று வந்து, பக்கத்தில் ஐஎஸ்ஓ லெவல் 3 ஷிஃப்ட் என்று இருந்தால் அந்த விசை சிறப்பு எழுத்துகளுக்குத் தயாராக இருக்கிறது. அதே 108, ஆனால் பக்கத்தில் ஆல்ட் ஆர் என்று இருந்தால் அது வெறும் இரண்டாவது ஆல்ட், அதை வைத்து ₹ அடிக்க முடியாது. மல்டி கீ என்று இருந்தால் யாரோ அதைக் கம்போஸ் விசையாக்கி வைத்திருக்கிறார்கள், அது என்னவென்று கீழே சொல்கிறேன்.

எந்த வரியுமே வரவில்லை என்றால் விசை செத்துவிட்டது. இது எங்கள் ஊரில் சகஜம். கடற்கரைச் சாலையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தாலும் உப்புக்காற்று உள்ளே வந்துவிடும், அதிகம் தொடாத விசைகளின் அடியில் துரு பிடிக்கும், வலது ஆல்ட்டும் வலது கன்ட்ரோலும்தான் அதில் முதலில் போகும். ராத்திரி கடையைப் பூட்டும்போது கீபோர்டின் மேல் ஒரு துணி போட்டு மூடிவிட்டுப் போங்கள், ஆயுள் நிஜமாகவே கூடுகிறது. செத்துப்போன விசைக்குப் பதில் வேறொரு விசையை ஒதுக்கவும் முடியும், அதுவும் கீழே வருகிறது.

பிரிட்டிஷ் லேஅவுட் என்ற பொறி

இன்ஸ்டால் செய்யும்போது எந்த கீபோர்டு என்று கேட்கும். நாம் படித்தது பிரிட்டிஷ் இங்கிலீஷ்தானே என்று நினைத்து யூகே என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஆனால் இந்தியாவில் விற்கிற கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. அடையாளம் சுலபம்: @ இருக்கவேண்டிய இடத்தில் " வரும், " இருக்கவேண்டிய இடத்தில் @ வரும், ஷிஃப்டோடு 3 அழுத்தினால் £ வரும், என்டருக்குப் பக்கத்தில் பேக்ஸ்லாஷ் அச்சடித்த விசையில் # வரும். பேக்ஸ்லாஷும் செங்குத்துக் கோடும் வலது ஆல்ட் சேர்க்காமல் எங்கே அழுத்தினாலும் வராது. காரணம், பிரிட்டிஷ் லேஅவுட் அவை இரண்டையும் இடது ஷிஃப்டுக்கும் இஸட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு கூடுதல் விசையில் வைத்திருக்கிறது, நம் கீபோர்டில் அந்த விசையே கிடையாது. இல்லாத விசையை எப்படி அழுத்துவது.

செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்சஸ். இங்கிலீஷ் யூகே என்பதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போவார்கள், அதில் இதே கதை தலைகீழாக நடக்கும். அது அசெர்ட்டி கீபோர்டு, கியூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும். அதில் அமெரிக்க லேஅவுட் போட்டால் ஏ அடித்தால் கியூ வரும். பிரெஞ்சு லேஅவுட்டையே போட்டுவிடுங்கள், கோடு போட்ட இ 2-இல் இருக்கிறது, வால் வைத்த சி 9-இல். @ வேண்டுமென்றால் வலது ஆல்ட்டோடு 0, # என்றால் வலது ஆல்ட்டோடு 3, பேக்ஸ்லாஷ் 8. ஆனால் நம் ஊர் கீபோர்டில் பிரெஞ்சு லேஅவுட் போட்டால் < மற்றும் > குறிகள் காணாமல் போகும், அதே இல்லாத விசைப் பிரச்சினை. அதனால் நம் கீபோர்டில் பிரெஞ்சு அடிக்க பிரெஞ்சு லேஅவுட் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பழகின கை பழகினபடியே இருக்கட்டும், அக்சான்களை மட்டும் மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

₹ மட்டும் போதும் என்றால்

இங்கிலீஷ் இந்தியா வித் ருப்பீ என்ற பெயரில் ஒரு லேஅவுட் இருக்கிறது. பட்டியலில் இங்கிலீஷுக்கு அடியில் தேடுங்கள், தெரியாவிட்டால் மூன்று புள்ளியை அழுத்தி அல்லது இந்தியா என்று அடித்துத் தேடினால் வரும். மற்ற எல்லாம் அமெரிக்க அமைப்பு போலவே இருக்கும், வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ வரும். அவ்வளவுதான் வேலை. நான் ஜிஎஸ்டி பில் மட்டும் அடிக்கும் கடைக்காரர்களுக்கு இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன், இரண்டு நிமிஷம் ஆகாது.

இந்தக் குறிக்கு வயது அதிகமில்லை. கள்ளக்குறிச்சியில் பிறந்த டி. உதயகுமார் வரைந்தது, 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டது, அதே வருஷம் அக்டோபரில், உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலின் 6.0 பதிப்பில் இடம்பிடித்தது. நம்ம பக்கத்து ஊர்க்காரர் வரைந்த குறி உலகத்திலுள்ள எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, அதை நம் கீபோர்டில் வரவைக்காமல் ஆர்-எஸ் என்று அடித்துக்கொண்டிருப்பது எனக்கு மனசு கேட்பதில்லை. 2010-க்கு முன்பு செய்த எழுத்துருக்களில் இது இருக்காது என்பதையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சும் வேண்டும் என்றால்

அமெரிக்க லேஅவுட்டின் சர்வதேச வகைகள் இரண்டு இருக்கின்றன, பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று இங்கிலீஷ் யுஎஸ் இன்டர்நேஷனல் வித் டெட் கீஸ். இன்னொன்று இங்கிலீஷ் இன்டர்நேஷனல் வித் ஆல்ட்ஜிஆர் டெட் கீஸ், ஆல்ட்ஜிஆர் என்றால் வலது ஆல்ட்தான்.

முதல் வகையில் ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தினால் உடனே ஒன்றும் வராது. அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும், இ அழுத்தினால் தலையில் கோடு போட்ட இ வரும். டெட் கீ என்பது இதுதான், விசை பழுதாகவில்லை. ஆனால் சாதாரண இங்கிலீஷில் மேற்கோள் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் மேற்கோளை அழுத்திவிட்டு ஸ்பேஸ் தட்ட வேண்டும். "மேற்கோள் குறி காணோம்" என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரில் இந்த லேஅவுட்தான் இருக்கும். இதில் இன்னொரு தொல்லை: மேற்கோளோடு சி அழுத்தினால் வால் வராது, சியின் தலையில் கோடு வரும், அது போலந்துக்காரர்களின் எழுத்து. அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், அச்சில் தலைக்கோட்டோடு பிரான்சுவா போய்விடும். அந்த அம்மாவின் பேப்பரை அடிக்கும்போது முதல் தடவை எனக்கே அப்படித்தான் வந்தது, பெரிதாக்கிப் பார்த்ததால் தப்பியது.

இரண்டாவது வகையைத்தான் நான் நான்கு கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கிறேன். மேற்கோள் வழக்கம்போல மேற்கோளாகவே வரும். வலது ஆல்ட்டோடு இ அழுத்தினால் வலப்பக்கம் சாயும் கோடு போட்ட இ. வலது ஆல்ட்டோடு கமா அழுத்தினால் வால் வைத்த சி. இடப்பக்கம் சாயும் கோடு வேண்டுமென்றால் வலது ஆல்ட்டோடு டேப் விசைக்கு மேலே உள்ள விசை, கையை எடுத்துவிட்டு இ அல்லது ஏ. கூரை போட்ட இ என்றால் வலது ஆல்ட்டோடு 6, அப்புறம் இ. இரண்டு நாள் அடித்தால் கை பழகிவிடும்.

இதில் ஒரு குறை, வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ வராது, ¤ என்று நான்கு கால் முளைத்த வட்டம் வரும். பொதுவான பணக்குறி அது, நமக்குப் பயனில்லை. இதைச் சரிசெய்ய, லினக்ஸ் மின்ட்டில் கீபோர்டு, லேஅவுட்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போனால் கரன்சி சைன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் ருப்பீ ஆன் 4 என்பதை டிக் செய்யுங்கள். கேடிஇ டெஸ்க்டாப்பில் இதே ஆப்ஷன்கள் சிஸ்டம் செட்டிங்ஸின் கீபோர்டு பகுதியில் இருக்கின்றன. உபுண்டுவில் வரும் க்னோம் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் இது கிடையாது, ட்வீக்ஸ் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து அதில் கீபோர்டின் கூடுதல் ஆப்ஷன்களைத் திறந்தால் கிடைக்கும். இதைப் போட்டதும் ஒரே லேஅவுட்டில் ₹ ஒரு பக்கம், வால் வைத்த சி ஒரு பக்கம், எதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகப் போட்டும் வலது ஆல்ட் வேலை செய்யவில்லையா? தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாறுவதற்கு வலது ஆல்ட்டையே ஷார்ட்கட்டாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு விசை இரண்டு வேலை பார்க்காது. மொழி மாற்ற சூப்பர் (விண்டோஸ் படம் போட்ட விசை), ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், வலது ஆல்ட்டை விட்டுவிடுங்கள். விசை செத்திருந்தால் க்னோம் செட்டிங்ஸில் ஆல்டர்நேட் கேரக்டர்ஸ் கீ என்று இருக்கிறது, அதில் மெனு விசையையோ வலது கன்ட்ரோலையோ கொடுக்கலாம்.

கம்போஸ்: மனப்பாடம் வேண்டாத வழி

எனக்கு லினக்ஸில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். ஒரு விசையைக் கம்போஸ் விசை என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் வலது கன்ட்ரோலை ஒதுக்கியிருக்கிறேன். அதை ஒருமுறை தட்டிக் கையை எடுத்துவிட்டு, வேண்டிய குறி பார்ப்பதற்கு எப்படி இருக்கிறதோ அதன் துண்டுகளைத் தட்ட வேண்டும். சிக்கு வால் வேண்டுமா, கமா, சி. கமா வால் மாதிரிதானே இருக்கிறது. இக்குத் தலையில் கோடா, ஒற்றை மேற்கோள், இ. ₹ வேண்டுமென்றால் பெரிய ஆர், சமக்குறி. € என்றால் சமக்குறி, இ. டிகிரிக்கு ஓ இரண்டு முறை, ° வந்துவிடும். அரைக்கு 1, 2, உடனே ½. பிரெஞ்சு மேற்கோள் « போட < இரண்டு முறை. ஓவும் இயும் ஒட்டிய பிரெஞ்சு எழுத்துக்கு ஓ, இ, வேறென்ன.

க்னோமில் செட்டிங்ஸ், கீபோர்டு, கம்போஸ் கீ. மின்ட்டில் அதே ஆப்ஷன்ஸ் பட்டியலில் பொசிஷன் ஆஃப் கம்போஸ் கீ. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பிலும் கீபோர்டின் லேஅவுட் டேபில் இருக்கிறது. எந்த லேஅவுட்டிலும் இது வேலை செய்யும் என்பதால், மற்றவர்களுடைய கம்ப்யூட்டரில் லேஅவுட்டை மாற்றாமல் அவசரத்துக்கு ஓர் எழுத்து அடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

எதுவும் இல்லாத இடத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அடிக்கோடு போட்ட யு ஒன்று தெரியும். 20, பி, 9 என்று தட்டி என்டர் கொடுத்தால் ₹. க்னோம் சார்ந்த புரோகிராம்களிலும் ஐபஸ் ஓடும் இடங்களிலும் வரும், கேடிஇ புரோகிராம்களில் ஐபஸ் இல்லாவிட்டால் வராது. எண்ணை நினைவில் வைக்க வேண்டும் என்பதால் நான் இதை அதிகம் நாடுவதில்லை.

தமிழில் வராத எழுத்துகள்

தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பு லினக்ஸில் இரண்டு வழியாகக் கிடைக்கிறது, இது தெரியாமல்தான் பாதிப் பேர் தவிக்கிறார்கள். ஒன்று எக்ஸ்கேபியில் உள்ள தமிழ்நெட் 99 லேஅவுட். இன்னொன்று ஐபஸ்ஸின் எம்17என் (m17n) என்ற துணைப் பகுதி வழியாக வரும் தமிழ்99. எக்ஸ்கேபிக்கு ஒரு விசைக்கு ஒரு குறி என்பதுதான் தெரியும், முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று அது பார்க்காது. அதனால் அ, ம, ம, ஆ என்று அடித்தால் தானாகப் புள்ளி விழுந்து அம்மா வராது. ஐபஸ்ஸில் வரும். புள்ளி விழவில்லை, உயிர்மெய் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் தப்பான வழியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஐபஸ் எம்17என் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, லாக் அவுட் செய்து உள்ளே வந்து, இன்புட் சோர்சஸில் தமிழுக்கு அடியில் தமிழ்99 எம்17என் என்று இருப்பதைச் சேருங்கள். லாக் அவுட் செய்யாவிட்டால் பட்டியலில் தெரியாமலே இருக்கும்.

கிரந்த எழுத்துகள் காணோம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மேல் வரிசையில் ஷிஃப்டோடு இருக்கின்றன: கியூவில் ஸ, டபிள்யூவில் ஷ, இயில் ஜ, ஆரில் ஹ, டியில் க்ஷ, ஒய்யில் ஸ்ரீ. ஆய்த எழுத்து எஃப் விசையில்.

ஒரு புரோகிராமில் தமிழ் வருகிறது, இன்னொன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் புரோகிராம் ஐபஸ்ஸோடு பேசவில்லை. மின்ட், டெபியனில் இன்புட் மெத்தட் என்ற செட்டிங்ஸைத் திறந்து ஐபஸ் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றினால் மறுபடி லாக் அவுட். புரோகிராமைத் தனிப் பெட்டிபோல அடைத்துத் தரும் ஃபிளாட்பேக், ஸ்னாப் வழியாக இன்ஸ்டால் செய்ததில் மட்டும் வரவில்லை என்றால் அதே புரோகிராமின் சாதாரண பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள், எனக்குப் பலமுறை அதோடு முடிந்திருக்கிறது.

பழைய கணக்கு நோட்டு, கிரையப் பத்திரம் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ எல்லாம் யூனிகோடில் 2003 முதலே இருக்கின்றன. கன்ட்ரோல், ஷிஃப்ட், யு முறையில் 0, பி, எஃப் என்று ஆரம்பித்து கடைசி இலக்கம் நாளுக்கு 3, மாதத்துக்கு 4, வருடத்துக்கு 5 என்று அதே வரிசையில் போய் ரூபாய்க்கு 9. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12.0-இல் தமிழ் சப்ளிமென்ட் என்ற பகுதியாக, மொத்தம் 51 எழுத்துகளாக வந்தன. கேரக்டர்ஸ் என்ற புரோகிராமில் தமிழ் என்று தேடினால் வரும், அடிக்கடி தேவைப்படுகிறவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து காப்பி செய்வதுதான் என் வழக்கம்.

கட்டமாகத் தெரிந்தால்

பேஸ்ட் செய்தாலும் கட்டம்தான் என்றால் எழுத்துரு இல்லை. நோட்டோ எழுத்துருக்களை இன்ஸ்டால் செய்யுங்கள். அந்தக் கட்டத்துக்கு டோஃபு என்று பெயர், அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதால்தான் நோட்டோ என்று பெயர் வைத்தார்கள். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போதும். மேலே சொன்ன பின்னக் குறிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் தனியாக வேண்டும், வெறும் நோட்டோ தமிழில் அவை கிடையாது. இன்ஸ்டால் செய்ததும் புரோகிராமை மூடித் திறந்தால்தான் தெரியும்.

கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 போட்டு வரும் கறுப்புத் திரையில் தமிழ் தெரியாது, அதற்காகப் போராட வேண்டாம். அங்கே எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம்.

மாற்றியது நிலைக்க

செட்-எக்ஸ்கேபி-மேப் கட்டளையில் லேஅவுட்டை மாற்றுகிறவர்கள் மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்பார்கள். அது அந்த நேரத்துக்கு மட்டும்தான், வேலண்டில் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. செட்டிங்ஸில் மாற்றுங்கள். லாகின் திரையில் பாஸ்வேர்டு அடிக்கும்போது @ வராமல் மாட்டிக்கொள்கிறவர்கள் சிஸ்டம் முழுக்க மாற்ற வேண்டும்: டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் டெர்மினலில் சூடோவோடு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை கீபோர்டு-கான்ஃபிகரேஷன் என்ற பேக்கேஜுக்குக் கொடுத்தால் (sudo dpkg-reconfigure keyboard-configuration), கீபோர்டு மாடல், லேஅவுட், ஆல்ட்ஜிஆர் விசை, கம்போஸ் விசை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பதில் சொல்லி முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வெளியில் கொடுக்கும் பேப்பர் என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கோப்பை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோய் வேறு கடையில் பிரிண்ட் எடுத்தால், அங்கே உங்கள் எழுத்துரு இல்லாமல் வால் மறுபடியும் போகலாம். லிப்ரெ ஆஃபீஸிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், எழுத்துரு அதனுள்ளேயே போய்விடும். பிறகு அந்த பிடிஎஃப்பைத் திறந்து பெயர் இருக்கும் வரியை நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த அம்மாவை நான் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பழைய நகலை ஒரு கையில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, சிக்கு வந்ததும் நிறுத்தி, "ஆங், வால் இருக்கு, எடுப்பா பிரிண்டு" என்றார்.